‘சாப்பிட்டாயா?’ என்று யாரும் கேட்காத ஊரில்: பண்பாட்டு அதிர்ச்சி, ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன முதல் ஆண்டு. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை, அமெரிக்கர்கள் குடும்பத்தோடு கூடி விருந்துண்ணும் தேங்க்ஸ்கிவிங் நாள். மாணவர் விடுதி காலியாகிவிட்டிருந்தது. போக இடமில்லாத வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைக்கும் வழக்கம் அந்தச் சிறிய பல்கலைக்கழக ஊரில் உண்டு. என்னை அழைத்தவர்கள் ஓர் ஓய்வுபெற்ற தம்பதி. வான்கோழியை நான் தொடவில்லை. உருளைக்கிழங்கு மசியலும் சோள ரொட்டியும் கொஞ்சம் சாப்பிட்டேன். கடைசியில் அந்த அம்மா பூசணிக்காய்ப் பை கொண்டுவந்தார். (கையில் தூக்கிப் போகிற பை அல்ல. மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பூரணத்தை நிரப்பி அடுப்பில் சுடுகிற பண்டம்.) ஒரு துண்டை வெட்டி, “உனக்கு?” என்று கேட்டார். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. “வேண்டாம், போதும்” என்றேன். அவர் புன்னகைத்து, “சரி” என்று தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டார்.

நம் வீடுகளில் முதல் ‘வேண்டாம்’ வெறும் மரியாதை. இரண்டாவது ‘வேண்டாம்’ கூச்சம். மூன்றாவது முறை இலையைக் கையால் மறைத்தால்தான் பரிமாறுபவர் நகர்வார். அப்போதும் விரலிடுக்கில் ஒரு கரண்டி விழும். இந்தக் கணக்கை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. எனக்கு அது தெரியும் என்பதே அந்த மேசையில் உட்காரும்வரை எனக்குத் தெரியாது. அந்த அம்மா செய்ததும் மரியாதைதான்: விருந்தாளியின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது, வற்புறுத்தாமல் இருப்பது. இருவரும் அவரவர் முறைப்படி மிகச் சரியாக நடந்துகொண்டோம். எனக்குப் பை கிடைக்கவில்லை.

பண்பாட்டு அதிர்ச்சி என்று சொல்லப்படுவதன் விதை இதுபோன்ற இடங்களில்தான் இருக்கிறது. பனி, வானளாவிய கட்டடங்கள், எட்டு வழிச் சாலை ஆகியவை அல்ல அதற்குக் காரணம். அவற்றையெல்லாம் படங்களில் பார்த்துப் பழகித்தான் விமானம் ஏறுகிறோம்.

ஆங்கிலத்தில் ‘கல்ச்சர் ஷாக்’ என்கிற இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். கனடாவில் ஃபின்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1954இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒரு பெண்கள் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். 1960இல் அது கட்டுரையாக அச்சானது. அவர் மனத்தில் இருந்தது அமெரிக்காவுக்கு வந்த வெளிநாட்டவர் அல்ல, பிரேசிலில் வேலைக்கு வந்து திண்டாடிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் போன்றோர். வேடிக்கைதான். ஆனால் அவர் சொன்ன காரணம் யாருக்கும் பொருந்தும். எப்போது கைகுலுக்குவது, எப்போது பேசாமல் இருப்பது, எந்த அழைப்பு மெய்யானது, எது ஒப்புக்குச் சொன்னது என்று நமக்கு வழிகாட்டும் சிறு அடையாளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. புது ஊரில் அவை மொத்தமாகக் காணாமல் போகின்றன. அந்த இழப்பின் பதற்றம்தான் இது என்றார். அறிகுறிகளாக அவர் சொன்னவை வியப்பூட்டும்: ஓயாமல் கை கழுவுவது, தண்ணீரும் படுக்கையும் சுத்தமா என்று கவலைப்படுவது, எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று பயப்படுவது, சின்னத் தாமதத்துக்கும் பெருங்கோபம் கொள்வது, எங்கோ வெறித்துப் பார்ப்பது, எப்படியாவது ஊருக்குப் போய்விடவேண்டும் என்று தவிப்பது.

‘அதிர்ச்சி’ என்ற மொழிபெயர்ப்பில் எனக்கு முழுச் சம்மதமில்லை. மின்கம்பியைத் தொட்டதுபோல ஒரே அடியாக வருவதில்லை அது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்ட நாற்றைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் வெளிறித் துவண்டு நிற்கும். மண்ணில் குறையில்லை, நாற்றிலும் நோயில்லை. அறுந்த வேர் திரும்பப் பிடிக்க நாளாகிறது. வேளாண் அறிவியலும் அந்த நிலையை அதிர்ச்சி என்றுதான் சொல்கிறது. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் சரி.

கேள்வி போலிருக்கும், கேள்வியல்ல

முதல் வாரத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ‘ஹவ் ஆர் யூ?’ நடைபாதையில் எதிரே வருபவர் கேட்கிறார். நீங்கள் நின்று, நேற்று இரவு தூக்கமில்லை என்பதையும் வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை என்பதையும் சொல்லத் தொடங்குகிறீர்கள். அவர் பத்தடி தாண்டிவிட்டார். ‘கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்கவில்லையே, என்ன மனிதர்கள்’ என்று மனம் கசக்கிறது.

நாம் தெருவில் கேட்கும் ‘சாப்பிட்டாயா?’ என்பதை நினைத்துப் பாருங்கள். மாலை நாலு மணிக்கும் கேட்போம். ‘இல்லை’ என்று ஒருவர் சொன்னால் திகைத்துப்போவோம். உணவைப் பற்றிய விசாரணை அல்ல அது. உன்னைப் பார்த்தேன், நீ எனக்கு அயல் இல்லை என்பதற்கான ஒலி. ‘எங்கே, கடைக்கா?’ என்பதும் அப்படியே. அமெரிக்கரின் ‘ஹவ் ஆர் யூ’ அதே வேலையைத்தான் செய்கிறது. ‘குட், யூ?’ என்று சொல்லிக்கொண்டே நடந்தால் போதும். இது பிடிபட்ட நாளில் எனக்குப் பாதிக் கசப்பு போய்விட்டது. அவர்களுடைய சடங்கைப் பொய் என்றும் நம்முடையதை அன்பு என்றும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நன்றி சொல்வது இன்னொரு சிக்கல். கதவைப் பிடித்துக்கொண்டவருக்கு, பஸ் ஓட்டுநருக்கு, சில்லறை தந்தவருக்கு, அறைத்தோழன் உப்பை நகர்த்தினால் அவனுக்கும் ‘தேங்க் யூ’ சொல்லவேண்டும். தமிழில் நெருங்கியவருக்கு நன்றி சொன்னால் அவரைத் தள்ளிவைப்பதாகும். சொல்லாமல் இருப்பதுதான் உரிமை. அந்தப் பழக்கத்தில் நம் மாணவர்கள் பலர் வாய் திறக்காமல் இருக்க, திமிர் பிடித்தவர்கள் என்று பெயர் வாங்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கர்கள் எதையும் நேரடியாகச் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். பாதிதான் உண்மை. நான் எழுதிய கட்டுரையைப் படித்த பேராசிரியர், ‘சுவாரஸ்யமான கோணம். இரண்டாம் பகுதியை மறுபரிசீலனை செய்யலாமே என்று தோன்றுகிறது’ என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மதிப்பெண் வந்தபோது புரிந்தது: ‘செய்யலாமே’ என்றால் ‘செய்’ என்று பொருள். ‘சுவாரஸ்யம்’ என்றால் என்ன பொருள் என்பதை ஆள் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

வகுப்பறையில்

2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். அதில் இந்தியர் 3,31,602. அந்த ஆண்டு சீனாவை முந்தி இந்தியா முதலிடத்துக்கு வந்தது. பெரும்பாலோர் முதுகலை படிக்கப் போனவர்கள். அதாவது பதினாறு ஆண்டுகள் ஒரு வகையான வகுப்பறையில் உட்கார்ந்து, அதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்துவிட்டுப் போகிறவர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனமே அங்கே காலை வாரிவிடுகிறது.

முதலில் பெயர். என் வழிகாட்டி முதல் சந்திப்பிலேயே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். அறுபது வயதுக்காரர். ‘நீ, வா, போ’ என்று சொல்வதுபோல நாக்கு கூசியது. ஒரு பருவம் முழுக்க எப்படியும் கூப்பிடாமல், ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்றே ஒப்பேற்றினேன். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் அவர் தோழனாகிவிடுவதில்லை. கால்மேல் கால் போட்டுக் காப்பி குடித்தபடி சிரித்துப் பேசும் அதே மனிதர், நள்ளிரவு 11:59க்குக் கொடுக்கவேண்டியதை 12:10க்குக் கொடுத்தால் மதிப்பெண்ணைக் கூசாமல் வெட்டுவார். அங்கே அதிகாரம் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான், இல்லாமல் போய்விடவில்லை.

அடுத்தது பேச்சு. பல பாடங்களில் வகுப்பில் பேசுவதற்கென்றே மதிப்பெண் ஒதுக்கியிருப்பார்கள். ஆசிரியர் கேட்டால் மட்டும் வாய் திறப்பது அடக்கம் என்று வளர்ந்தவர், அங்கே ‘படித்துவிட்டு வரவில்லை’ என்று கணிக்கப்படுகிறார். ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்று பாடத்திட்டத் தாளில் போட்டிருப்பதை ஏதோ அலுவலக வேலைநேரம் என்று நினைத்து நான் இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. மாணவர் வந்து சந்தேகம் கேட்பதற்கென்றே ஆசிரியர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரம் அது. பெரும்பாலும் யாரும் வராமல் தனியாக உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வீட்டுப்பாடம். நம் கல்லூரிகளில் ஒருவன் எழுதிய ரெக்கார்டு நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றும். தர மறுப்பவன் நண்பனே அல்ல. அங்கே அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். பார்த்து எழுதியவருக்கு மட்டுமல்ல, கொடுத்தவருக்கும். கணினி நிரல்களுக்கு ‘மாஸ்’ என்று ஒரு மென்பொருள் உண்டு. அலெக்ஸ் ஐகன் என்ற கணினி அறிஞர் 1994இல் உருவாக்கியது. இரண்டு நிரல்களின் கட்டமைப்பை ஒப்பிடும். மாறிகளின் பெயரை மாற்றுவது, வரிகளை மேலும் கீழும் நகர்த்துவது போன்ற நம் தந்திரங்கள் அதனிடம் செல்லாது. ஒரே வீட்டில் தங்கி, ஒரே குழம்பைச் சாப்பிட்டு, ஒரே நிரலைச் சமர்ப்பித்து இருவரும் விசாரணைக் குழு முன் நின்ற கதை அநேகமாக ஒவ்வொரு பல்கலைக்கழக ஊரிலும் இருக்கும். அவர்களைத் திருடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நட்புக்கு ஓர் ஊரில் இருக்கும் இலக்கணம் இன்னோர் ஊரில் குற்றப்பத்திரிகையாக இருக்கிறது. ஆனால் விசாரணைக் குழு அந்த வாதத்தைக் கேட்காது. எதைச் சேர்ந்து செய்யலாம், எதைத் தனியாகச் செய்யவேண்டும் என்பதை முதல் வாரமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

தாளிப்பு

ஜனவரியில் ஓர் இரவு. வெளியே முழங்கால் அளவு பனி. ரசத்துக்குத் தாளித்தேன். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் கறுத்த அந்த நொடியில் கூரையிலிருந்த புகை உணரி அலறியது. அந்தக் கட்டடத்தில் ஒன்று அலறினால் எல்லாம் அலறும். மூன்று மாடிக்காரர்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பனியில் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் பூனை. தீயணைப்பு வண்டி சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. தலைக்கவசம் அணிந்த இருவர் படியேறிப் போய் என் தாளிப்புக் கரண்டியைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். யாரும் திட்டவில்லை. பூனைக்காரர், “வாசனை நன்றாக இருக்கிறது, என்ன சமைத்தாய்?” என்றுகூடக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அன்று முதல் ஒரு மாதம் தாளிக்காத ரசம் குடித்தேன்.

இங்கேதான் இந்த அதிர்ச்சியின் இயல்பு விளங்குகிறது. ரசம் வைப்பது யோசிக்காமல் செய்கிற வேலை. யோசிக்காமல் செய்தவை ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்யவேண்டி வருகிறது. கடையில் 9.99 டாலர் என்று எழுதியிருக்கும் பொருளுக்குக் கல்லாவில் அதற்கு மேல் கேட்கிறார்கள், ஏனெனில் விற்பனை வரி விலைச்சீட்டில் இருப்பதில்லை. அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஓரிகனில் அறவே கிடையாது. உணவகத்தில் பரிமாறுபவருக்கு 15 முதல் 20 விழுக்காடு வைக்காவிட்டால் அவமதிப்பு. அவருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான் என்பதும், 1991 முதல் அது உயரவில்லை என்பதும் தெரிந்தபின் எனக்கு அந்தப் பணம் உறுத்தவில்லை. இதற்கு நடுவே ஒவ்வொரு விலையையும் அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கிறது மனம். மாலையில் அறைக்குத் திரும்பும்போது மூட்டை தூக்கியவரைப்போல அசந்துபோகிறோம். ‘ஒன்றுமே செய்யவில்லையே, ஏன் இவ்வளவு களைப்பு?’ என்று பலர் கேட்பார்கள். செய்திருக்கிறீர்கள்.

எத்தனை நாள் இருக்கும்?

ஓபர்க் நான்கு கட்டங்களைச் சொன்னார்: தேனிலவு, நெருக்கடி, தெளிவு, பழகிப்போதல். நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்து 1955இல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் நன்றாக இருந்தார்கள், ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள்தான் துன்பப்பட்டார்கள் என்று கண்டார். இதுவே ஆங்கில யு எழுத்து வடிவ வளைகோடாகப் பாடநூல்களில் ஏறியது. இரண்டு ஆண்டு முதுகலை படிப்பவருக்கு இது நல்ல செய்தியல்ல. பள்ளத்திலிருந்து ஏறி வரும்போது பட்டமளிப்பு அங்கி தைக்க அளவு கேட்கிறார்கள்.

இந்த வளைகோட்டை ரயில்வே கால அட்டவணைபோல நம்பவேண்டாம். லிஸ்கார்ட் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்க்கவில்லை. வெவ்வேறு காலம் தங்கியவர்களை ஒப்பிட்டார். பின்னாளில் காலீன் வார்டு என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்த நாள் முதல் தொடர்ந்து கவனித்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தேனிலவே இல்லை, வந்து இறங்கியபோதுதான் துன்பம் மிக அதிகம், போகப்போகக் குறைந்தது. என் அனுபவமும் நான் பார்த்தவர்களின் அனுபவமும் இரண்டுக்கும் நடுவே கோணல்மாணலாகப் போகின்றன. செப்டம்பரில் அழுதவர் அக்டோபரில் சிரித்து, நவம்பரில் கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னே தள்ளியதும் மீண்டும் கவிழ்வார். பாஸ்டனில் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:15க்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. பகல் பன்னிரண்டு மணிநேரத்தை ஒட்டியே இருக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த உடம்புக்கு அது பழக்கமில்லை. அந்தச் சோர்வில் வெளிச்சக் குறைவுக்குப் பங்குண்டு. பண்பாட்டின்மேல் மொத்தப் பழியையும் போடக்கூடாது.

நட்பு வேறொரு வேகத்தில் வருகிறது. ‘ஒருநாள் காப்பி குடிக்கலாம்’ என்று சொல்லிவிட்டு அழைக்காதவர் பொய்யர் அல்ல; நாள், நேரம் குறிக்காத அழைப்பு அங்கே அழைப்பாகாது. குறித்துவிட்டால் தவறாது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் குர்ட் லெவின் 1936இலேயே இதைக் கவனித்து எழுதினார்: அமெரிக்கரிடம் வெளிவட்டங்களுக்குள் நுழைவது எளிது, உள்வட்டம் மட்டும் இறுகியது. நம் கணக்கில் மாம்பழம். சதையெல்லாம் இனிப்பு, நடுவில் கொட்டை. சதையை உறவு என்று நினைத்துக் கொட்டையில் பல் பட்டவர்கள்தான் ‘இவர்கள் போலி’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய மருந்து எதுவும் இல்லை. வெட்கப்படாமல் கேட்பதுதான் முதல் மருந்து. ‘இது எங்கள் ஊரில் வேறு மாதிரி, இங்கே எப்படி?’ என்று கேட்டால் பெரும்பாலான அமெரிக்கர்கள் ஆசையாக விளக்குவார்கள். வீட்டோடு பேசும் நேரத்தையும் சற்று ஒழுங்கு செய்யவேண்டும். கோடையில் கிழக்குக் கரைக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணிநேரம், குளிர்காலத்தில் பத்தரை. அம்மாவின் காலைக்காக உங்கள் இரவை விழித்தே கழித்தால் எந்த ஊரிலும் வாழாதவராகிவிடுவீர்கள்.

அறைத்தோழர் ஆறு பேரும் தமிழர் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். முதல் பருவத்தில் அந்த வீடுதான் நாற்றங்கால் மண். குடிபெயர்ந்தவர்கள் புது ஊரோடு உறவுகொள்ளும் வழிகளை ஜான் பெர்ரி என்ற உளவியலாளர் நான்காகப் பிரித்தார்: தன்னுடையதை விட்டு அதில் கரைவது, தன்னுடையதற்குள் ஒதுங்குவது, இரண்டையும் இழப்பது, இரண்டையும் வைத்துக்கொள்வது. இரண்டையும் வைத்துக்கொள்பவர்களே பொதுவாக நன்றாக இருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. இரண்டாம் ஆண்டிலும் தமிழ் பேசாத ஒரு நண்பர்கூட இல்லை என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

பாடம் தாங்கமுடியாமல் போனால் சொல்லாமல் ஒரு பாடத்தைக் கைவிடாதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முழுநேரப் பாடச்சுமை கட்டாயம். குறைந்தால் விசா நிலையே போகும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஏற்படும் தடுமாற்றம், அமெரிக்கக் கற்பிக்கும் முறை பழகாமை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிச் சுமையைக் குறைத்துக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. ஒரு பட்ட நிலைக்கு ஒரு முறைதான், அந்தப் பருவத்தில் குறைந்தது ஆறு கிரெடிட் (பாட அலகு) எடுக்கவேண்டும், முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அனுமதி பெறவேண்டும். மருத்துவக் காரணத்துக்குத் தனி விதி உண்டு. பண்பாட்டு அதிர்ச்சி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அமெரிக்கச் சட்டம் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்குப் போனால் ‘பைத்தியம்’ என்று பெயர் வரும், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் நம்மிடம் அதிகம். அங்கே பேசுவது பேராசிரியருக்கோ பெற்றோருக்கோ போவதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. கல்லூரியில் சேர்ந்தவரின் மதிப்பெண்ணைக்கூட அவர் சம்மதமின்றிப் பெற்றோருக்குக் காட்டுவதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் 1974 முதல் இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் அது ஊர் ஏக்கத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் எந்நேரமும் 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை அழைக்கலாம்.

பழகியபின் இன்னொன்று காத்திருக்கிறது. 1963இல் ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதி யு வளைகோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு யுவைச் சேர்த்து டபிள்யூ ஆக்கினார்கள். சொந்த ஊருக்குத் திரும்பும்போதும் ஒரு பள்ளம் வருகிறது என்றார்கள். நான் நம்பவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஊருக்குப் போன முதல் காலை, அம்மா தோசைக்கல்லிலிருந்து நேராகத் தட்டில் ஒரு தோசையைப் போட்டார். “தேங்க்ஸ் அம்மா” என்றேன். அடுத்த தோசைக்கு மாவை எடுத்த கரண்டி அப்படியே நின்றது. “என்ன, யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோலச் சொல்கிறாய்?” என்றார். இன்னொன்று போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று தோசை விழுந்தது.